மண்ணு வழிச்சவ

நிலக்கோட்டையில் என் அம்மாச்சியை, "மண்ணு வழிச்சவ பேத்திதானே" என்று ஏசுவார்கள். பஞ்சத்தில் மண் தின்ற குடும்பம் போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு பழைய பாகப்பத்திரம் கிடைத்தது. அம்மாச்சியின் தாத்தா பெயருக்கு எதிரே, 'தொழில் வெடியுப்பு'. அவர் மனைவிக்குத் தொழில் இல்லை. 'மேற்படியார் மனைவி', அவ்வளவுதான்.

துப்பாக்கி மருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மாட்டுத்தொழுவத்திலும் பழஞ்சுவர்களின் அடியிலும் வெள்ளையாகப் பூக்கும் உவர்மண்ணை வழித்து, சாம்பல் கலந்து, ஓட்டைப்பானையில் நீர்விட்டு வடித்துக் காய்ச்சுவார்கள். கொதிக்கும்போதே சோற்றுப்பு அடியில் படியும். தெளிவை ஆறவிட்டால் வெடியுப்பு ஊசி ஊசியாக உறையும். தொழுவம், சாம்பல், தண்ணீர், அடுப்பு: இதில் எது 'மேற்படியார்' வேலையாக இருந்திருக்கும்?

அடியில் படிந்த உப்புதான் வம்பு. 1805இல் சென்னை மாகாணத்தில் கும்பினி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பின்னால் வந்த சட்டங்கள், மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சுவதையும் குற்றமாக்கின. வெடியுப்பு சர்க்காருக்கு வேண்டும். அதே பானையின் உப்பைக் குழம்பில் போட்டால் குற்றம். 1930இல் வேதாரண்யத்தில் அள்ளிய உப்பு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இந்த உப்பு வசவில் மட்டும் மிஞ்சியது.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அதான் எங்கம்மா தொழுவத்துச் சுவரத் தொட்டு நாக்குல வச்சுப் பாக்குமா?"