பெட்டி வட்டமான கதை

1920களின் இறுதியில் இங்கிலாந்து வீடுகளில் இருந்த வானொலி, பெரும்பாலும் ஒரு மரச்சாமான். வால்வுகள், கம்பிச்சுருள்கள், ஸ்பீக்கர் எல்லாமே தச்சர் இழைத்துப் பளபளப்பேற்றிய பேழைக்குள் மறைந்துகொண்டன. புதிய கருவி வரவேற்பறை அலமாரிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதே அன்றைய கவலை.

அந்த மரப்பேழையை உடைத்த பெருமை பேக்கலைட்டுக்கு உண்டு. லியோ பேக்லண்ட் 1907இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் கொண்டு உருவாக்கிய பிளாஸ்டிக் அது. மின்சாரம் கடத்தாது, தூளைச் சூடான எஃகு அச்சிலிட்டு அழுத்தினால் சில நிமிடங்களில் முழுப்பெட்டி தயார். சவுத்எண்டில் எரிக் கோல் நடத்திய எக்கோ நிறுவனம் முதலில் ஜெர்மனியிலிருந்து பெட்டிகளை வரவழைத்தது. இறக்குமதி வரி ஏறியதும், தன் ஆலையிலேயே அழுத்தும் இயந்திரங்களை நிறுவிக்கொண்டது. ஆனால் எஃகு அச்சின் செலவோ பெரிது. ஒரே வடிவம் ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். தச்சர் பெட்டிக்குப் பெட்டி அளவை மாற்றலாம், அச்சு மாறாது. ஆகவே வடிவத்தை முன்கூட்டியே யோசிக்க ஒருவர் தேவைப்பட்டார். எக்கோ கட்டடக் கலைஞர்களைத் தேடிப் போனது இதனால்தான்.

அவர்களில் செர்ஜ் செர்மயேஃப் வரைந்தது எளிய, அழகான செவ்வகம். வெல்ஸ் கோட்ஸ் கேட்ட கேள்வி இன்னும் அடிப்படையானது: ஸ்பீக்கர் வட்டம் என்றால் பெட்டி எதற்குச் சதுரம்? டோக்கியோவில் கனடியப் பெற்றோருக்குப் பிறந்த கோட்ஸ், பொறியியல் படித்துவிட்டுக் கட்டடக் கலைக்கு வந்தவர். 1934இல் வெளிவந்த அவருடைய ஏடி65 என்ற வட்ட வானொலியின் நடுவே ஸ்பீக்கர். அதன் மேல் வில்லாக வளைந்த அலைவரிசை முகப்பு. கீழே மூன்று குமிழ்கள். மூலை இல்லாததால் அச்சைக் கடைவதும் எளிதாயிற்று. அழகும் சிக்கனமும் ஒரே கோட்டில் சந்தித்த அரிய இடம் இது.

கறுப்பும் குரோமியமும் கலந்த பெட்டிதான் அந்த வடிவத்துக்குப் பொருத்தம். வாங்கியவர்கள் அதிகம் விரும்பியதோ, வால்நட் மரச்சாயல் கொண்ட பழுப்பு நிறம்! மரத்தின் மீதிருந்த பிடிப்பு அவ்வளவு எளிதில் விடவில்லை.

பேக்கலைட் எல்லா நாட்டிலும் நல்ல வேலைக்கே போகவில்லை. ஜெர்மனியில் வால்டர் கெர்ஸ்டிங் வடிவமைத்து 1933இல் வந்த மலிவு வானொலியின் விலை 76 மார்க். நாஜிப் பிரசாரத்தை வீடுதோறும் சேர்ப்பதே அதன் பணி. விஇ301 என்ற அதன் பெயரிலுள்ள எண், ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30ஐக் குறித்தது.

கோட்ஸ் வட்டத்தைக் கைவிடவில்லை. போர் முடிந்த 1945இல் வந்த ஏ22இல் அலைவரிசை முகப்பும் முழு வட்டமாகி ஸ்பீக்கரைச் சுற்றி வந்தது. அவருடைய வட்ட வானொலிகளில் ஆகச் சிறந்தது அதுதான்.