தூசுத் திரைக்குப் பின்னால் ஒரு புயல்

1983 ஜனவரியில் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து அனுப்பிய அகச்சிவப்புத் தொலைநோக்கி அது. அதன் ஆயுள் பத்தே மாதங்கள்தான். குளிர்விக்கும் திரவ ஹீலியம் தீர்ந்ததும் கதை முடிந்தது. ஆனால் அதற்குள் வானத்தின் 96 சதவீதத்தை அலசிவிட்டது!

சாதாரணத் தொலைநோக்கியில் மங்கலாக, உருக்குலைந்து தெரிந்த சில கேலக்ஸிகள் அகச்சிவப்பில் கொழுந்துவிட்டு எரிந்தன. அவற்றில் புகழ்பெற்றது ஆர்ப் 220. ஹால்டன் ஆர்ப் 1966-ல் வெளியிட்ட விசித்திர கேலக்ஸிகளின் தொகுப்பில் அது வெறும் ஒரு எண். அகச்சிவப்பிலோ அதன் ஒளி ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கும் மேல். காரணம், மோதல். இரண்டு கேலக்ஸிகள் மோதி ஒன்றாகும்போது வாயுவும் தூசும் நடுவில் போய்க் குவிகின்றன. உள்ளே பிறக்கும் ஒளியைத் தூசு விழுங்கி, சூடாகி, அகச்சிவப்பாக வெளியே விடுகிறது.

சரி, அங்கே குவிந்த வாயு என்ன ஆகிறது? இதற்குத் தெளிவான பதில் 2010-ல்தான் வந்தது. மார்க்கரியன் 231 என்ற கேலக்ஸியைப் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைமேல் இருக்கும் பிளாட்டோ டி பூர் ரேடியோ தொலைநோக்கிகள் ஆராய்ந்தன. கார்பன் மோனாக்சைடு மூலக்கூறின் அலைகளை வைத்துக் கணக்கிட்டால், வருடத்துக்குச் சுமார் 700 சூரியன்களின் எடையுள்ள வாயு வெளியே ஓடுகிறது! அங்கே புதிய விண்மீன்களாக மாறுவது சுமார் 200 சூரியன்களின் எடைதான். வரவு செலவு எழுதிப் பார்த்தால் ஒரு கோடி வருடத்தில் கஜானா காலி. கேலக்ஸியின் வயதில் அது கண் சிமிட்டும் நேரம். விண்மீன் பிறக்க வாயுதானே முதல்? அதே வருடம் ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியும் ஹைட்ராக்சில் மூலக்கூறுகளில் இதே காற்றைக் கண்டது.

பிறகுதான் ஒரு சிக்கல். தூசு மிக மிக அடர்ந்த மையங்களில் ஹைட்ராக்சில் வேகமான காற்றைக் காட்டவில்லை. என்ஜிசி 4418-ல் வாயு உள்ளே விழுவதுபோலவே தெரிந்தது. காற்றே இல்லையா, அல்லது மறைந்திருக்கிறதா? அகச்சிவப்பையே மறைக்கிற அளவுக்கு அங்கே தூசு. அதைப் பெருமளவு ஊடுருவி வருபவை மில்லிமீட்டர் அலைகள்.

அந்த அலைகளைப் பிடிக்கும் ஆல்மா தொலைநோக்கிகள் சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில், 5000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஹைட்ரஜன் சயனைடு (ஆமாம், அந்த விஷமேதான்!) வெளியிடும் அலைகளைக் கொண்டு, ஆர்ப் 220-ன் இரண்டு மையங்களில் மேற்கில் உள்ளதிலிருந்து குறுகலாக, குழாயிலிருந்து பீய்ச்சுவதுபோல் வேகமாக வாயு வெளியேறுவதை 2018-ல் அறிவித்தார்கள். அதைத் தள்ளுவது உள்ளே ஒளிந்திருக்கும் கருந்துளையா, கூட்டமாகப் பிறந்து வெடிக்கும் விண்மீன்களா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.