ஃபாபெர்ஷே: முத்திரையும் கணக்கேடும்

விலை உயர்ந்த நகை கைக்கு வந்ததும் அதைத் திருப்பிப் பார்த்து முத்திரையைத் தேடுவது எல்லோருக்கும் வழக்கம். முத்திரை இருந்தால் மனம் அடங்கிவிடுகிறது. தங்கத்தின் மாற்றை மட்டும் அறிய வேண்டுமானால் இந்த வழக்கம் பெரும்பாலும் மோசம் செய்வதில்லை. ஆனால் நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு தங்கத்துக்காக அல்லாமல் செய்தவரின் பெயருக்காகப் போகும்போது நிலைமை வேறு. ஒரு பெயரைப் பொறித்தால் பொருளின் விலை பல மடங்கு ஏறும் என்றால், போலி செய்பவர் முதலில் கற்றுக்கொள்வது அந்தப் பெயரைப் பொறிப்பதைத்தான். ருஷ்யாவின் ஃபாபெர்ஷே நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல சான்று. அதன் பொருள்களை அடையாளம் காண நூறு ஆண்டுகளாக நடந்த முயற்சிகளைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: சிக்கலான வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது முத்திரையும் அல்ல, உரைகல்லும் அல்ல, பட்டறையிலும் கடையிலும் அரண்மனையிலும் யாரோ எழுதிவைத்த கணக்குகள்.

குஸ்தாவ் ஃபாபெர்ஷே 1842இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடை திறந்தார். 1872இல் பொறுப்பேற்ற மகன் கார்ல் அதை அரண்மனை நகைக்கடையாக வளர்த்தார். 1885இல் மூன்றாம் அலெக்சாந்தர் தன் மனைவி மரியா ஃபியோதரவ்னாவுக்கு ஈஸ்டர் பரிசாகக் கொடுத்த கோழி முட்டையிலிருந்து அரச முட்டைகளின் வரிசை தொடங்குகிறது. ஐம்பது முட்டைகள் கைமாறின. ருஷ்ய-ஜப்பானியப் போர்க் காலமான 1904, 1905 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் முட்டை கொடுக்கப்படவில்லை. பலருக்குத் தெரியாத செய்தி, கார்ல் ஃபாபெர்ஷே தன் கையால் இவற்றைச் செய்யவில்லை என்பதுதான். அவர் முதலாளி; வடிவத்துக்கு ஒப்புதல் கொடுப்பவர்; பிடிக்காததைத் திருப்பி அனுப்புபவர். செய்தவர்கள் தலைமைப் பட்டறைக்காரர்கள்: எரிக் கோலின், விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த மிகயில் பெர்கின், அவருக்குப் பின் ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம், நகை வேலைக்கு ஹோல்ம்ஸ்ட்ரோம் குடும்பம். பலர் ஃபின்லாந்துக்காரர்கள். தனித்தனிப் பட்டறை வைத்திருந்தாலும் ஃபாபெர்ஷேவுக்காகவே வேலை செய்தவர்கள். ஆகவே ஒரு பொருளை ‘ஃபாபெர்ஷே செய்தது’ என்று சொல்லும்போதே, அந்தக் கடையின் வழியாக வெளியே போனது என்றுதான் பொருள். கடையின் வழியாகப் போனதை நிறுவுவது கடையின் கணக்குதான்.

முத்திரைகளைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு அவை நிறையவே சொல்லும். ருஷ்யாவில் சுத்தத் தங்கம் 96 சொலோத்னிக். 56 என்று அடித்திருந்தால் நம் கணக்கில் 14 காரட், 72 என்றால் 18 காரட். வெள்ளியில் 84, 88 என்ற எண்கள் வரும். 1899க்கு முன் பீட்டர்ஸ்பர்க் சோதனை நிலையம் குறுக்காக வைத்த நங்கூரங்களையும் செங்கோலையும் அடித்தது. பிறகு தலையணி அணிந்த பெண்ணின் பக்கமுகம் வந்தது. முதலில் முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. 1908 முதல் வலப்பக்கம் திரும்பியது, கூடவே நகரைக் குறிக்கும் கிரேக்க எழுத்தும் சேர்ந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் பட்டறைக்காரரின் பெயரெழுத்துகளோடு ‘ஃபாபெர்ஷே’ என்று மட்டும் பொறிப்பது வழக்கம். மாஸ்கோ கிளையில் முதலெழுத்தோடு முழுப்பெயரும் அரசக் கழுகும் இருக்கும். அவசரப் போலிக்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்: பீட்டர்ஸ்பர்க் பட்டறைக்காரரின் எழுத்துக்குப் பக்கத்தில் மாஸ்கோ முத்திரையை அடிப்பார்கள், 1903இல் இறந்துபோன பெர்கினின் எழுத்தை 1908க்குப் பிந்திய பெண்முகத்தோடு சேர்ப்பார்கள். இப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடியும் ஒரு கையேடும் போதும். ஆனால் கையேடு விற்பனைக்குக் கிடைக்கிறது. போலி செய்பவரும் அதை வாங்கிப் படிக்கிறார். பிழையே இல்லாத இடத்திலும் முத்திரை நம்மைக் குழப்பும். ‘ஏ.டி.’ என்ற எழுத்துகள் ஃபாபெர்ஷேவிடம் வேலை செய்த ஆல்ஃபிரெட் தீலமனுக்கும் உரியவை. போட்டிக்கடை நடத்திய அலெக்சாந்தர் தில்லாந்தருக்கும் உரியவை. இரண்டும் அசல் முத்திரைகளே. எந்த ஏ.டி. என்பதை முத்திரை சொல்லாது.

புரட்சிக்குப் பின் குழப்பம் பெருகியது. 1918இல் நிறுவனம் மூடப்பட்டது. கார்ல் 1920இல் லோசானில் இறந்தார். சோவியத் அரசு அந்நியச் செலாவணிக்காகப் பறிமுதல் செய்த பொருள்களை விற்றது. லண்டன் வார்ட்ஸ்கி கடையின் இமானுவேல் ஸ்னோமன் 1920களில் ருஷ்யாவுக்கே போய் வாங்கிவந்தார். அமெரிக்கத் தொழிலதிபர் ஆர்மண்ட் ஹாம்மர் 1930களின் தொடக்கத்தில் பெரிய பல்பொருள் அங்காடிகளில் கூட இவற்றைப் பரப்பி விற்றார். ஹாம்மரின் கைக்கு அசல் முத்திரை அச்சுகளே வந்துசேர்ந்தன என்று எட்வர்ட் ஜே எப்ஸ்டீன் 1996இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அதை முழுதாக நம்ப வேண்டியதில்லை. ஆனால் அச்சு அசலாக இருந்தும் அடித்த முத்திரை பொய்யாக முடியும் என்ற எண்ணம் சந்தையை அப்போதிருந்து விடவில்லை. பெயரின் கதை இன்னும் விசித்திரமானது. 1937இல் சாம் ரூபின் என்ற அமெரிக்கர் வாசனைத் திரவியத்துக்கு இந்தப் பெயரைப் பதிவு செய்தார். குடும்பத்தினர் பின்னால் அறிந்து தகராறு செய்து, 1951இல் 25,000 டாலருக்கு உடன்பட்டார்கள். பிறகு அந்தப் பெயர் கம்பெனி கம்பெனியாகக் கைமாறியது. ஜெர்மனியின் விக்டர் மேயர் பட்டறை 1989 முதல் 2009 வரை உரிமம் பெற்று ஃபாபெர்ஷே என்று பொறித்தே முட்டைகள் செய்தது. சட்டப்படி அந்தப் பொறிப்பில் குற்றமில்லை. கார்லின் பட்டறைக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் முடிந்ததே, எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி உலோகக் கலவையைச் சொல்லிவிடுவார்களே? புதிதாக வார்த்த போலியை அது பிடிக்கும். அந்தக் காலத்தில் இல்லாத கலவையோ நிறப்பொருளோ எனாமலில் இருந்தால் காட்டிக்கொடுக்கும். ஆனால் தேர்ந்த போலிக்காரர் புதிதாக எதையும் வார்ப்பதில்லை. 1900ஐ ஒட்டி வேறொரு நல்ல ருஷ்யக் கடையில் செய்த சிகரெட் பெட்டியையோ படச் சட்டத்தையோ ஏலத்தில் வாங்குகிறார். போலின், ஒவ்சின்னிகவ், பிரித்சின், ஹான் என்று அன்றைய பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் திறமையான கடைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய செய்தவர் குறியை ராவி எடுத்துவிட்டு ஃபாபெர்ஷேவின் குறியை அடித்தால் வேலை முடிந்தது. தங்கம் அக்காலத் தங்கம். எனாமல் அக்கால எனாமல். அரசின் மாற்று முத்திரையும் உண்மையானதே. ஆய்வுக்கூடம் இதைச் சோதித்து, காலம் பொருந்துகிறது என்று நேர்மையாகவே சான்றிதழ் கொடுக்கும். கேட்ட கேள்விக்கு விடை சரி. கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஃபாபெர்ஷேவின் புகழுக்குப் பெரிதும் காரணமான கல் விலங்குகளில் பெரும்பாலானவற்றில் எந்தப் பொறிப்பும் இல்லை. அகேட், அப்சிடியன், நெஃப்ரைட் கற்களில் செதுக்கிய யானைகள், தவளைகள், நாய்கள். கல்லில் மாற்று முத்திரை அடிக்க முடியாது; தங்கக் கால் வைத்தவற்றில் மட்டும் அடிக்கலாம். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கல் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பீட்டர்ஸ்பர்க்கின் வோர்ஃபெல் பட்டறை ஃபாபெர்ஷேவுக்கும் செய்தது, பாரிஸின் கார்த்தியேவுக்கும் செய்தது. ஒரே பட்டறை, ஒரே கை, ஒரே கல். ஒன்று ஃபாபெர்ஷே, மற்றது கார்த்தியே. அப்படியிருந்தும் இங்கிலாந்து அரச குடும்பத்திடம் உள்ள விலங்குகளை ஆய்வாளர்கள் இந்தத் துறைக்கே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 1907இல் ஏழாம் எட்வர்டின் சாண்ட்ரிங்காம் பண்ணை விலங்குகளை மாதிரியாகக் கொண்டு செய்யச் சொன்ன உத்தரவு தெரிந்த செய்தி. சிற்பிகள் அங்கே போய் மெழுகில் உருவம் எடுத்ததும் பதிவாகியிருக்கிறது. அவற்றுக்குச் சான்று அவை வந்த வழி.

ஃபாபெர்ஷேவின் லண்டன் கிளையின் விற்பனைப் பேரேடுகள் 1907 முதல் 1917 வரை தப்பிப் பிழைத்திருக்கின்றன. தேதி, வாங்கியவர் பெயர், பொருளின் சிறு விவரம், இருப்பு எண், விலை எல்லாம் அதில் உண்டு. அந்த இருப்பு எண்ணைப் பல பொருள்களின் உலோகத்தில் ஊசியால் கீறியிருப்பார்கள். கண்ணுக்கு எளிதில் படாத அந்தக் கீறல் பேரேட்டின் வரியோடு ஒத்துப்போனால், பளபளக்கும் கழுகு முத்திரையைவிட அது பெரிய சாட்சி. விக்ஸ்ட்ரோம் பட்டறையின் ஓவிய ஏடு கிடைத்து 2000இல் நூலாக வந்தபோது, 1911க்கும் 1916க்கும் இடையில் செய்த பொருள்களின் வரைபடங்கள் ஆய்வாளர்களுக்கு முன் விரிந்தன. ஹோல்ம்ஸ்ட்ரோம் பட்டறையின் நகை ஏடுகள் வார்ட்ஸ்கியிடம் உள்ளன. பனிப்பூ வடிவத்தில் அல்மா பீல் என்ற வடிவமைப்பாளர் வரைந்த சின்னச் சின்ன நகைகளை அடையாளம் காண உதவியவை அந்தக் குடும்பப் பட்டறையின் ஏடுகள்தாம். நகை செய்தவர்கள் பிற்கால ஏலக்காரர்களை நினைத்து இவற்றை எழுதவில்லை. கூலி கணக்கிடவும், அதே வாடிக்கையாளருக்கு அதே பொருளை மறுபடி விற்றுவிடாமல் இருக்கவும் எழுதினார்கள். வேறு காரணத்துக்காக எழுதப்பட்டது என்பதால்தான் இன்று அதன் சாட்சியம் நம்பத்தக்கதாக இருக்கிறது.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று மூன்றாவது அரச முட்டை. 1887இல் செய்தது, உயரம் 8.2 செண்டிமீட்டர், உள்ளே வாஷெரன் கான்ஸ்டன்டின் கடிகாரம். அரண்மனைக் கணக்கில் கடிகாரத்தோடு கூடிய ஈஸ்டர் முட்டை, வைரமும் நீலமும் பதித்தது, விலை 2,160 ரூபிள் என்று பதிவாகியிருக்கிறது. 1922ஆம் ஆண்டுச் சோவியத் பட்டியலுக்குப் பின் தடயம் இல்லை. 1964இல் நியூயார்க்கின் பார்க்-பெர்னெட் ஏலத்தில் முட்டை வடிவக் கூட்டில் தங்கக் கடிகாரம் என்ற விவரத்தோடு 2,450 டாலருக்கு விலைபோனது. ஃபாபெர்ஷே என்ற பெயரே பட்டியலில் இல்லை. பல ஆண்டு கழித்து அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் பழைய தங்கம் வாங்கி விற்கும் ஒருவர் சுமார் 14,000 டாலருக்கு அதை வாங்கினார். உருக்கினால் சில நூறு டாலர் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. அவர் கேட்ட விலைக்கு யாரும் எடுக்கவில்லை. எடை போட்டுப் பார்த்தவர்களுக்குத் தங்கத்தின் மதிப்பு அந்த அளவுக்குக் கட்டவில்லை. மாற்றுப் பார்க்கச் சுரண்டிய தடங்கள் இன்றும் முட்டையில் இருக்கின்றன. சோதனை செய்தவர்கள் எல்லோரும் சரியான விடையையே பெற்றார்கள்: 18 காரட். முட்டையைக் காப்பாற்றியது காகிதம். 1902இல் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த கண்காட்சியில் மரியா ஃபியோதரவ்னாவின் கண்ணாடி அலமாரியை எடுத்த புகைப்படத்தில் அது தெரிந்தது. 1964 பட்டியலின் படத்தோடு அதை ஆய்வாளர்கள் பொருத்திப் பார்த்தார்கள். 2011இல் இது செய்தித்தாளில் வந்தது. அதை இணையத்தில் தேடிப் படித்த உரிமையாளர் வார்ட்ஸ்கியைத் தேடிப் போனார். 2014 ஏப்ரலில் லண்டனில் அந்த முட்டை காட்சிக்கு வைக்கப்பட்டது.

அனுபவசாலியின் கண் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, மதிப்பும் உண்டு. ஃபாபெர்ஷே பெட்டியின் கீல் மூடியபின் தெரியாது. விளிம்பு விரலில் தட்டாது. கடைசல் கோடுகளின் மேல் எனாமல் ஆழமாக, சலனமில்லாமல் நிற்கும். இதையெல்லாம் பார்த்து ஒரு கைதேர்ந்த பொற்கொல்லர் மட்டமான போலியை நொடியில் ஒதுக்கிவிடுவார். ஆனால் கண் எதைப் பார்த்துப் பழகியதோ அதைக் கொண்டுதான் தீர்மானிக்கிறது. பழகிய தொகுப்பிலேயே போலி கலந்திருந்தால் கண்ணும் கெட்டுவிடும். சந்தேகமற்ற பொருள்களின் தொகுப்பை முதலில் ஆவணத்தால் நிறுவிய பிறகே கண்ணுக்குப் பயிற்சி கொடுக்க முடியும்.

ஆவணத்தையும் போலியாகச் செய்யலாமே என்பதுதான் இருப்பதில் கனமான மறுப்பு. செய்யலாம், செய்கிறார்கள். நாடு விட்டு ஓடிவந்த சீமாட்டியின் பேத்தி எழுதிய கடிதம் இல்லாத ஏலமே குறைவு. ஆனால் பொருளோடு சேர்ந்து வரும் காகிதம் வேறு, பொருளைப் பற்றித் தெரியாமலேயே வேறெங்கோ இருக்கும் காகிதம் வேறு. முதலாவதை விற்பவர் தயாரிக்கலாம். அரண்மனைக் கணக்கிலும், கண்காட்சிப் படத்திலும், லண்டன் பேரேட்டிலும் அவரால் கைவைக்க முடியாது. பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் 2020 நவம்பரில் ஃபாபெர்ஷே கண்காட்சி திறந்தபோது இந்த வேறுபாடே சர்ச்சையானது. தனியார் தொகுப்பிலிருந்து வந்த பல பொருள்கள் போலி என்று ஆந்திரே ரூஷ்னிகவ் என்ற வணிகர் 2021 ஜனவரியில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவற்றில் 1904ஆம் ஆண்டுக்கு உரியதாகக் காட்டப்பட்ட ஒரு முட்டையும் உண்டு. அந்த ஆண்டில் அரச முட்டை கொடுக்கப்படவில்லை என்பது மேலே சொன்ன கணக்கு. சந்தைக்குப் புதிதாக வரும் எந்தப் பொருளைப் பற்றியும் ஐயம் கிளப்பலாம் என்று அருங்காட்சியக இயக்குநர் பியத்ரோவ்ஸ்கி பதில் சொன்னார். பதில் நாகரிகமானது, ஆனால் ஐயத்தைக் கிளப்பியது ஆண்டுக் கணக்கு, அதற்குப் பதில் ஆண்டுக் கணக்கிலேயே வந்திருக்க வேண்டும். ஆவணத்தைக் கொண்டே தீர்மானிக்கும் இந்த முறையால் நேர்மையான பொருள்களும் பாதிக்கப்படும் என்பதை மறுக்க முடியாது. பீட்டர்ஸ்பர்க் தலைமைக் கடையின் கணக்குகளில் பெரும்பகுதி மறைந்துவிட்டதால், ஏட்டில் இல்லாத அசல்கள் நிறையவே இருக்கும். அவற்றுக்கு ‘இருக்கலாம்’ என்ற இடத்தைக் கொடுத்து, அதற்கேற்ற விலையைக் கொடுப்பதே நியாயம்.

நம் ஊர் நகைக்கடையில் இப்போது ஹால்மார்க்கோடு வரும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. தனி அடையாள எண்ணும் இதே தர்க்கத்தில் அமைந்ததே. 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. எண்ணை அதற்கான அரசுச் செயலியில் போட்டால் பதிவேட்டிலிருந்து மாற்றும் சோதனை நிலையமும் தெரியும்; வடிவமைத்தவர் யார் என்பது தெரியாது. ஆகவே பெயருக்காகக் கூடுதல் விலை கொடுத்து நகை வாங்குகிறவர்கள் முத்திரையைப் பார்த்ததோடு நிற்காமல், அந்தப் பொருளின் எண் விற்ற நிறுவனத்தின் ஏட்டில் இருக்கிறதா என்று நிறுவனத்திடமே நேரில் கேளுங்கள். வாங்கிய நாளிலேயே எடையும் எண்ணும் எழுதி, முன்னும் பின்னும் படமெடுத்து, ரசீதோடு சேர்த்து நகையை வைக்காத இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.