பிள்ளை திடீரெனத் தடுமாறினால்: குழப்ப ஒற்றைத் தலைவலி

பாடசாலையால் வந்த பிள்ளைக்குத் திடீரெனத் தாயைத் தெரியவில்லை. தான் நிற்கும் இடமும் புரியவில்லை. சம்பந்தமில்லாமல் பேசிக் கத்துகிறது. போரைக் கண்ட நம் குடும்பங்களில் இதைப் ‘பயந்திட்டுது’ என்றோ மனப்பாதிப்பு என்றோ முடிவெடுத்து, நூல் கட்டக் கொண்டுபோவோரும் உண்டு. ஆனால் இது குழப்ப ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம்; உயிராபத்தான வேறு நோயாகவும் இருக்கலாம்.

1970இல் கஸ்கோன், பார்லோ என்ற வைத்தியர்கள் சிறுவர்களிடம் கண்ட இந்நிலையை விபரித்தனர். தலையில் சிறிய அடி பட்ட பின்னரும் இது வருவதுண்டு. பெரும்பாலும் சில மணித்தியாலங்களில், நித்திரைக்குப் பின் தெளிந்துவிடும். நடந்தது பிள்ளைக்கு நினைவிருக்காது.

இதை உறுதிப்படுத்தத் தனிப் பரிசோதனை இல்லை. மூளைக்காய்ச்சல், வலிப்பு, தலைக்காயம், நஞ்சு, குருதியில் சீனி குறைதல் என்பன இல்லையெனக் கண்ட பின்னரே வைத்தியர்கள் இம்முடிவுக்கு வருவர். அதற்குக் குருதிப் பரிசோதனை, மூளை ஸ்கான், ஈ.ஈ.ஜி. என்பன உதவும். காய்ச்சல் இருந்தால் முள்ளந்தண்டு நீரையும் பரிசோதிக்க நேரலாம்.

வெளிச்சம் குறைந்த அமைதியான இடம், நித்திரை, வலிக்கும் வாந்திக்குமான மருந்துகள் என்பனவே முதற் சிகிச்சை. அடிக்கடி வந்தால் தடுப்பு மருந்து பற்றி வைத்தியர் தீர்மானிப்பார். பிள்ளைகளுக்கு நீங்களாக அஸ்பிரின் கொடுக்க வேண்டாம்.

பிள்ளை குழம்பினால் வீட்டில் காத்திருக்காமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். தெளிவில்லாத பிள்ளைக்கு வாயால் எதுவும் கொடுக்காதீர்கள். தொடங்கிய நேரம், காய்ச்சல், விழுந்த அடி, வீட்டிலுள்ள மருந்துகள், குடும்பத்தில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா என்பவற்றை வைத்தியரிடம் சொல்லுங்கள்.