60 நாள் கெடுவும் ஒரு கையெழுத்தும்

ஆபீஸ் வேலையில் இருக்கிறவர்கள் மேசைக்கு என்றாவது ஒரு நாள் இப்படி ஒரு ஃபைல் வந்தே தீரும். அதில் தப்பு இருக்கிறது என்று நிரூபிக்க முடியாது. எல்லாம் சரி என்று சொல்லவும் மனசு வராது. "இன்னும் முடிக்கலையா?" என்று போன் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும்.

1960 செப்டம்பரில் வாஷிங்டனில் டாக்டர் ஃபிரான்சிஸ் கெல்சியின் மேசைக்கு வந்ததும் அப்படி ஒரு ஃபைல்தான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் (சுருக்கமாக எஃப்.டி.ஏ.) அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. சின்சினாட்டியைச் சேர்ந்த மெரெல் கம்பெனி, 'கெவடான்' என்ற தூக்க மாத்திரையை விற்க அனுமதி கேட்டிருந்தது. மேற்கு ஜெர்மனியில் 1957 அக்டோபரிலிருந்து மருந்துச் சீட்டுகூட இல்லாமல் விற்ற மாத்திரை அது. கர்ப்பிணிகள் மசக்கைக்கு அதைப் போட்டுக்கொண்டார்கள். ஏற்கனவே பல நாடுகளில் புழங்குகிற மருந்து, புதுசாக வந்தவருக்குச் சுலபமான வேலையாக இருக்கட்டும் என்றுதான் கெல்சியிடம் கொடுத்தார்கள்.

அந்த மருந்தின் பொதுப்பெயர் தாலிடோமைட்.

அன்றைய சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1938-இல் வந்த சட்டப்படி, கம்பெனி விண்ணப்பம் கொடுத்து 60 நாளுக்குள் அரசு எதுவும் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே கடைக்குப் போய்விடும். அதாவது, அதிகாரி சும்மா இருந்தாலே அது சம்மதம். கெல்சி கையில் இருந்தது ஒரே ஒரு வழி. விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பலாம். அப்போது கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

அதைத்தான் செய்தார், ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. அவரோடு ஒரு வேதியியலாளரும் ஒரு மருந்தியலாளரும் ஃபைலைப் படித்தார்கள். மனிதர்களுக்குத் தூக்கம் வரவைக்கிற மருந்து, சோதனை விலங்குகளுக்கு ஏன் தூக்கம் வரவைக்கவில்லை? உடம்பு இதை எந்த அளவு உறிஞ்சுகிறது? விடைகளில் பாதி, ஆதாரம் இல்லாத நற்சான்றுகளாக இருந்தன. மெரெல் ஆட்கள் நேரிலும் போனிலும் கடிதத்திலும் ஐம்பது தடவை போல அவரைத் தொடர்புகொண்டார்கள். பிடிவாதக்காரர், காரணமில்லாமல் இழுத்தடிக்கிறார் என்று மேலதிகாரிகளிடமும் புகார் போனது. மேலதிகாரிகள் கெல்சி பக்கம் நின்றார்கள். இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். மேலே இருக்கிறவர் கைவிட்டிருந்தால் கெல்சியின் பிடிவாதம் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

1961 பிப்ரவரியில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஒரு டாக்டர் எழுதிய கடிதம் கெல்சியின் கண்ணில் பட்டது. தாலிடோமைடை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது என்று அதில் இருந்தது. பெரியவர்களின் நரம்பையே பாதிக்கிற மருந்து வயிற்றில் இருக்கிற சிசுவை என்ன செய்யும்? கர்ப்பிணிகளுக்கு இது பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் கொடுங்கள் என்று கேட்டு எழுதினார். மெரெலிடம் ஆதாரம் இல்லை.

இந்தச் சந்தேகம் அவருக்கு எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொய்னா மருந்து பற்றிய ஆய்வில் அவர் இருந்தார். வளர்ந்த முயல் எளிதாகச் சிதைத்துவிடும் கொய்னாவை, முயலின் கருவால் சிதைக்க முடியவில்லை என்று அப்போதே பார்த்திருந்தார். அதற்கும் முன்னால், 1937-இல், அவர் சிகாகோவில் மாணவி. இனிப்பான ஒரு சல்ஃபா திரவ மருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் குழந்தைகள். மருந்தைக் கரைக்கக் கம்பெனி டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சைப் பயன்படுத்தியிருந்தது. நச்சுத்தன்மையைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. சோதிக்கச் சொல்லி அன்று சட்டமும் இல்லை. கெல்சியின் பேராசிரியருடைய ஆய்வகம்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது. கெல்சியும் அந்த வேலையில் இருந்தார். 1938 சட்டம் வந்ததே அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

1961 நவம்பரில் ஹாம்பர்க் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ், கை கால் வளராமல் பிறந்த குழந்தைகளுக்கும் தாலிடோமைடுக்கும் உள்ள தொடர்பைச் சொன்னார். அந்த மாசக் கடைசியில் ஜெர்மனியில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். 1962 மார்ச்சில் மெரெல் தன் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியது. ஆகஸ்டில் ஜனாதிபதி கென்னடி கெல்சிக்கு விருது கொடுத்தார். அக்டோபரில் சட்டம் மாறியது. அதன்பிறகு, அதிகாரி சும்மா இருந்தால் சம்மதம் என்ற நிலை இல்லை.

கதையை இங்கேயே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவும் முழுசாகத் தப்பவில்லை. அனுமதி கிடைக்கும் முன்பே, 'ஆராய்ச்சி' என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களுக்கு மெரெல் மாத்திரைகளைக் கொடுத்திருந்தது. அங்கேயும் 17 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தார்கள். சட்டத்தின் ஒரு வாசலில் கெல்சி நின்றார். இன்னொரு வாசல் திறந்தே கிடந்தது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் இருப்பது எப்போதுமே அறமா? 1988 அக்டோபரில் இதே எஃப்.டி.ஏ. அலுவலகத்தை எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடியவர்கள் முற்றுகையிட்டார்கள். நீங்கள் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் நாங்கள் சாகிறோம் என்பது அவர்கள் வாதம். அதுவும் நியாயம்தானே? தூக்க மாத்திரை ஒரு வருஷம் தள்ளி வந்தால் யாரும் சாகப்போவதில்லை. உயிர்காக்கும் மருந்து தள்ளி வந்தால் சாவார்கள். தாமதத்தின் விலையை யார் கொடுக்கிறார், அவசரத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்று பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். கெல்சி விஷயத்தில் தாமதத்தின் நஷ்டம் கம்பெனிக்கு. அவசரத்தின் நஷ்டம் இன்னும் பிறக்காத குழந்தைக்கு. அதே தாலிடோமைடுக்கு, தொழுநோயில் வரும் ஒரு கடுமையான தொல்லைக்காக, 1998-இல் எஃப்.டி.ஏ. கடும் கட்டுப்பாடுகளோடு அனுமதி கொடுத்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்காவின் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1937-இல் கொன்ற அதே டைஎதிலீன் கிளைக்கால் 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் இருந்தது. நம் மாநில ஆய்வகம் சோதித்தபோது அதன் அளவு 48.6 விழுக்காடு. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். இது சோதித்தால் தெரிந்துவிடுகிற நஞ்சு. அந்த பாட்டில்கள் ஆலையை விட்டு வெளியே போகும்வரை எத்தனை பேர் கை அந்தத் தாள்களில் பட்டிருக்கும்? அவர்களில் ஒருவராவது, "சோதனை முடிவு எங்கே? அது வராமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லியிருந்தால்?

கெல்சி பத்திரிகைக்குப் போகவில்லை, ராஜினாமா செய்யவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. தனக்குக் கொடுத்த வேலையைத்தான் செய்தார். ஆதாரம் போதாது என்று ஒன்றரை வருஷம் மரியாதையாக எழுதிக்கொண்டே இருந்தார். 90 வயதுவரை அதே அலுவலகத்தில் வேலை பார்த்து, 2015-இல் 101 வயதில் காலமானார்.