கேட்பாரற்ற வண்டிகள்

வீதியோரத்தில் உரிமையாளர் விட்டுச் சென்ற மோட்டார் வண்டியை அகற்றுவது யாருடைய பொறுப்பு? இவ்வினாவுக்குப் பிரிட்டனில் 1967-ஆம் ஆண்டின் நகர நலச் சட்டம் விடை தந்தது. 1957-இல் நகரங்களின் எழிலைப் பேண ஓர் அறநிலையம் கண்ட டங்கன் சாண்டிஸ், தனி உறுப்பினர் மசோதாவாக அதனைக் கொணர்ந்தார். பழம்பெரும் கட்டடப் பகுதிகளைக் காக்க வழிவகுத்த அதே சட்டம், கைவிடப்பட்ட வண்டிகளை அகற்றுதலை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது. குடிமக்கள் எழுதும் புகார்க் கடிதத்திற்கும் அதனால் வலுச் சேர்ந்தது.

எனினும் சொத்துரிமை மறக்கப்படவில்லை. 1978-இல் இவ்விதிகள் தனிச் சட்டமாகத் தொகுக்கப்பட்டன. அதன்படி, மன்றம் விற்றுவிட்ட வண்டிக்கு உரியவர் ஓராண்டுக்குள் வந்து உரிமையை மெய்ப்பித்தால், செலவு போக எஞ்சிய தொகை அவரைச் சேரும்.

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த ஆணையிடும் அதிகாரத்தைச் சீருடையணிந்த காவல் அதிகாரிக்கு அளித்தது. இழுத்துச் செல்லும் செலவு உரிமையாளரையே சாரும். ஆகவே, மாற்றலாகி வேற்று மாநிலம் செல்லும் அன்பர்கள், தம் வண்டியை விற்றோ, நம்பகமானவர் பொறுப்பில் விட்டோ செல்வதே நலம்.