ஸ்டார்ட்டரிலிருந்து அல்டிமேட்டுக்கு: நம்ம ஊர் மடிக்கணினியின் கதை



போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் பண்ணினான். 2011-12 பிளஸ் டூ செட். "ஐயா, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சிருச்சு. உங்க கம்ப்யூட்டரை மாத்தியாச்சா?" என்று கேட்டான். "இன்னும் இல்லப்பா" என்றேன். "மாத்துறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் வேற ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சுக்கங்கய்யா" என்றான். அவன் அதை ஏன் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஆண்டிபட்டிக்குத் தேர்தல் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே இங்கே ஜெயித்தார். 2002 இடைத்தேர்தலிலும் 2006-லும் ஜெயலலிதா இங்கே நின்று ஜெயித்தார். 2011-ல் அவர் ஸ்ரீரங்கம் போய்விட்டார். ஆனால் அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் அவர் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நம்ம ஊருக்கும் வந்து சேர்ந்தது. முதலாண்டில் மட்டும் 9.12 லட்சம் பேருக்கு என்று அறிவிப்பு. எங்கள் பள்ளியில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வரலாறு நடத்தியவனுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்!

திறந்தால் இரண்டு கதவு. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று பாஸ் லினக்ஸ். 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம்தான் பாஸ். சென்னை சி-டாக் உருவாக்கியது.

ஸ்டார்ட்டர் எப்படிப் பிறந்தது என்பது சுவாரஸ்யமான கதை. முதலில் எக்ஸ்பி காலத்தில் நம்மைப் போன்ற நாடுகளுக்கென்று விலை குறைத்து ஒரு ஸ்டார்ட்டர் விட்டார்கள். அதில் ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம்தான் திறக்கலாம். மூன்று இட்லிக்கு மேல் கேட்காதே என்கிற மாதிரி. 2007-ல் ஏசுஸ் கம்பெனி லினக்ஸ் போட்டுச் சின்னஞ்சிறு மலிவுக் கணினியை இறக்கியது. அந்தச் சந்தையைப் பிடிக்க மைக்ரோசாஃப்ட்டுக்கு மலிவான விண்டோஸ் ஒன்று தேவைப்பட்டது. 2009-ல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரிலும் அந்த மூன்று கணக்கை வைக்கத்தான் நினைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். ஆனால் திரையின் பின்புலப் படத்தை மாற்ற விடவில்லை. கண்ணாடி போலப் பளபளக்கும் ஜன்னல்களும் கிடையாது.

பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது போதாதா? தன் கணினியில் தனக்குப் பிடித்த நடிகர் படத்தை வைக்க முடியவில்லை என்பதே அன்றைக்குப் பெரிய மானப் பிரச்சினை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேல்பதிப்பு எங்கோ தூரத்தில் இல்லை. அதற்கு வேண்டிய கோப்புகள் ஏற்கெனவே அதே கணினிக்குள் பூட்டிக் கிடந்தன. 'எனிடைம் அப்கிரேட்' என்று ஒரு வசதி இருந்தது. பணம் கட்டி ஒரு சாவி எண் வாங்கி அடித்தால் பத்து நிமிஷம் போல ஆகும், ஸ்டார்ட்டர் ஹோம் பிரீமியமாகிவிடும். போட்டோ, பாட்டு, டைப் அடித்தது எல்லாம் அப்படியே இருக்கும். அதாவது வீட்டைக் கட்டி முடித்து மாடிக்கு மட்டும் பூட்டுப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் அந்தச் சாவிக்கு 80 டாலர். நம்ம சக்கம்பட்டித் தறிக்காரர் பிள்ளை எங்கே போவான்?

இத்தனைக்கும் பக்கத்துக் கதவான பாஸில் ஸ்டார்ட்டர், பிரீமியம் என்ற படிநிலையே இல்லை. படம் மாற்றலாம், தமிழில் டைப் அடிக்கலாம், ஒரு பைசா வேண்டாம். எங்களில் யாருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை. தெரியாததை மறைக்க, "அது எதுக்குடா, விண்டோஸ் பழகுங்க, வேலைக்கு ஆகும்" என்று வகுப்பிலேயே சொன்னவன் நான்.

அந்தப் பெங்களூர்ப் பையன் அப்போது மடிக்கணினி கேமராவில் அவன் தாத்தாவைப் பேசவிட்டுப் பதிவு செய்திருந்தான். நான் கொடுத்த வேலைதான். தாத்தா நெசவாளி. 1984 தேர்தலை அவர் கண்ணால் கண்டபடி சொல்லியிருந்தார். எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் இருக்கும் வீடியோவைத் தெருவில் போட்டுக் காட்டியது, பெண்கள் அழுதது, வேட்பாளர் வராமலே ஓட்டுப் போட்டது எல்லாம் அதில் இருந்தது. முக்கால் மணி நேரம் வரும். நான் ஒரு தடவை பார்த்தேன். காப்பி எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

அப்புறம் அவன் என்னிடம் வந்து, "ஐயா, கடையில அல்டிமேட் போட்டுத் தர்றாங்களாம், முந்நூறு ரூபாதானாம்" என்றான். நான் என்ன ஏது என்று கேட்காமல், "போட்டுக்கடா" என்றேன். கடைக்காரர் எனிடைம் அப்கிரேட் எதுவும் செய்யவில்லை. டிஸ்க்கை மொத்தமாக ஃபார்மேட் அடித்துத் திருட்டு அல்டிமேட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டார். பாஸ் போனது. தாத்தாவும் போனார். பையன் பளபளக்கும் ஜன்னலோடு என்னிடம் வந்து நின்றான். அவன் அழவில்லை. அடுத்த வருஷம் தாத்தா நிஜமாகவே இறந்துபோனார். அந்தத் துக்க வீட்டில் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போனில் அவனிடம் இதைச் சொன்னபோது, "விடுங்கய்யா" என்றான். எனக்குத்தான் விட முடியவில்லை.

அந்த செட் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வீடியோவை அப்போது பென்டிரைவில் இரண்டு மூன்று பேர் வாங்கிப் போனதாக எனக்கு ஒரு ஞாபகம். பரணில் அந்த மடிக்கணினி கிடந்தால், தயவுசெய்து எதையும் அழிக்காமல் ஒருமுறை ஆன் பண்ணிப் பாருங்கள். பேட்டரி செத்திருக்கும், சார்ஜரைச் சொருகியே பாருங்கள். கிடைத்தால் என் நம்பருக்குக் கூப்பிடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.